காசு கட்டும் ஜன்னல்

ஆப்பிரிக்க நலவாழ்வு: ஒரு வரலாறு – அத்தியாயம் 12

தொண்ணூறுகளில் கானா நாட்டு அரசு மருத்துவமனைக்குள் நுழைந்த நோயாளி டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பு காசாளரைப் பார்த்தாக வேண்டும். பெயர் பதிந்து ஃபோல்டர் போட ஒரு கட்டணம். மலேரியாவா என்று ரத்தம் பரிசோதிக்க இன்னொன்று. மருந்துச் சீட்டோடு மருந்தகத்துக்குப் போனால் அங்கே மூன்றாவது ஜன்னல். அறுவை சிகிச்சை என்றால் ஒரு பட்டியலை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கையுறை, பஞ்சு, பிளேடு, சலைன் பாட்டில், தையல் நூல். கூட வந்தவர்கள் கடைத்தெருவுக்கு ஓடி எல்லாவற்றையும் வாங்கி வரும்வரை நோயாளி படுத்துக் கிடக்க வேண்டியதுதான். பிரசவ வலியில் வந்த பெண்ணுக்கும் இதே நிலைதான். சிகிச்சை முடிந்தும் பாக்கி கட்ட முடியாதவர்களை வீட்டுக்கு அனுப்ப மறுத்த மருத்துவமனைகள் உண்டு. இரவில் யாருக்கும் தெரியாமல் வார்டிலிருந்து நழுவிப்போன நோயாளிகளும் உண்டு.

மக்கள் இந்த முறைக்கு வைத்த பெயர் ‘கேஷ் அண்ட் கேரி’. நம் ஊரில் ‘கையில் காசு, வாயில் தோசை’ என்போம். அதே கணக்கு, உயிர் ஊசலாடும் இடத்தில்.

கானா இப்படித் தொடங்கிய நாடு இல்லை. 1957 மார்ச் 6ஆம் தேதி சுதந்திரம் பெற்றபோது குவாமே நிக்ருமா அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையை இலவசமாக்கினார். வரிப்பணமும் கோகோ ஏற்றுமதி வருமானமும் அதைத் தாங்கின. கோகோ விலை சரிந்தது, ராணுவப் புரட்சிகள் மாறி மாறி வந்தன. 1971இல் சிறிய அளவில் மருத்துவமனைக் கட்டணம் சட்டமானது. அது பெரிதாக யாரையும் தடுக்கவில்லை. உண்மையான இடி 1983இல் விழுந்தது.

அந்த ஆண்டை நேரில் அனுபவித்த கானாக்காரர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. மழை பொய்த்தது. காட்டுத்தீ பயிர்களையும் கோகோ மரங்களையும் தின்றது. ஜனவரியில் நைஜீரியா தன் மண்ணிலிருந்து வெளியேற்றிய கானா மக்கள் சுமார் 10 லட்சம் பேர், பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பினார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாமல் இளைத்தவர்களின் துருத்திய கழுத்தெலும்புக்கு ‘ராலிங்ஸ் சங்கிலி’ என்று பெயர் வந்தது. ஜெர்ரி ராலிங்ஸ் அப்போது நாட்டின் ராணுவ ஆட்சியாளர். ஏழைகளின் புரட்சி என்று சொல்லி ஆட்சியைப் பிடித்தவர், வேறு வழியில்லாமல் பன்னாட்டு நிதியத்தின் கதவைத் தட்டினார். பொருளாதார மீட்புத் திட்டம் வந்தது. அதன் நிபந்தனைகளில் ஒன்று, அரசு தரும் சேவைகளுக்கு மக்களிடம் விலை வாங்குவது.

1985இல் மருத்துவமனைக் கட்டணங்கள் பல மடங்கு உயர்த்தப்பட்டன. இயக்கச் செலவில் 15 சதவீதத்தையாவது நோயாளிகளிடமிருந்து திரட்ட வேண்டும் என்பது இலக்கு. அடுத்து, 1992இல், மருந்துக்கு முழு விலை: மருத்துவமனை மருந்தை வாங்கும், நோயாளியிடம் விற்கும், அந்தப் பணத்தில் மறுபடி வாங்கும். மருந்து அலமாரி காலியாகக் கிடந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு நியாயம் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மருந்து திரும்பவும் கிடைத்தது. வாங்கத்தான் ஆளில்லை.

அசாந்தி-அக்கிம் மாவட்டத்தில் அன்று ஆய்வு செய்தவர்கள் கண்டது இது. கட்டணம் உயர்ந்தவுடன் எல்லா இடத்திலும் கூட்டம் சட்டென்று குறைந்தது. நகரத்துக் கிளினிக்குகளில் கொஞ்ச காலத்தில் பழைய கூட்டம் திரும்பிவிட்டது. கிராமத்துக் கிளினிக்குகளில் திரும்பவில்லை. ஏழைகளுக்கும் சில நோய்களுக்கும் கட்டண விலக்கு உண்டு என்று விதியில் எழுதியிருந்தது. ஆனால் விலக்கு கொடுத்த மருத்துவமனைக்கு அந்தத் தொகையை ஈடுகட்ட யாரும் பணம் அனுப்பவில்லை. அடுத்த மாதம் மருந்து வாங்கும் பணத்திலேயே துண்டு விழும் என்றால், எந்த மருந்தாளுநர் விலக்கு கொடுப்பார்? விலக்கு சட்டப் புத்தகத்தோடு நின்றுபோனது.

இந்த இடத்தில்தான் என்கொரான்ஸா வருகிறது.

மக்காச்சோளமும் சேனைக்கிழங்கும் விளையும் அந்தச் சிற்றூரில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் புனித தெரசா மருத்துவமனை இருக்கிறது. சென்ற அத்தியாயத்தில் ஜைரே நாட்டின் ப்வாமாண்டாவைப் பார்த்தோம். 1986இல் அங்கே ஒரு மருத்துவமனையைச் சுற்றி எழுந்த காப்பீட்டுத் திட்டத்தை முன்மாதிரியாக வைத்து, 1992இல் என்கொரான்ஸாவில் கானாவின் முதல் சமூக மருத்துவக் காப்பீடு தொடங்கியது. பாக்கியைக் கட்ட முடியாமல் தவித்த நோயாளிகளுக்கும், அந்தப் பாக்கியால் தவித்த மருத்துவமனைக்கும் கிடைத்த வழி அது.

அதன் விதிகளை நிதானமாகப் பார்க்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சேர முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட காலத்தில் மட்டும் பதிவு. அறுவடை முடிந்து விவசாயி கையில் நாலு காசு புரளும் நேரம் அது. அதைவிட்டு எப்போது கேட்டாலும் அவரால் கொடுக்க முடியாது. வருடம் முழுக்கக் கதவைத் திறந்து வைத்தாலோ, காய்ச்சல் வந்த பிறகுதான் எல்லோரும் சேர வருவார்கள். வீட்டில் நோஞ்சானாக இருக்கும் ஒருவரை மட்டும் சேர்க்கவும் விடமாட்டார்கள். சேர்ந்தால் குடும்பமே சேர வேண்டும். மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கு முழுச் செலவும் கிடைக்கும். வெளிநோயாளியாக வந்து மாத்திரை வாங்கிப் போவதற்குக் கிடையாது. இதற்கு ஒரு விதிவிலக்கு வைத்தார்கள்: பாம்புக்கடி. வயலில் வேலை செய்கிறவர்களுக்காக வகுத்த திட்டம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தத் திட்டம் பத்தாண்டுக்கு மேல் தாக்குப் பிடித்தது. அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் மாவட்ட மக்களில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டியே அது நின்றுவிட்டது. வெளியே நின்றவர்கள் பெரும்பாலும் பிரீமியம் கட்ட முடியாதவர்கள், அதாவது இந்தத் திட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள். ஏழைகள் தங்களுக்குள் காசு போட்டுக்கொண்டு தங்கள் நோய்க்கான முழுச் செலவையும் சுமக்க முடியாது. என்கொரான்ஸா தன் எல்லா நல்ல விதிகளோடும் சேர்த்து நமக்குக் காட்டுவது அதைத்தான். பிறகு நாடு முழுவதும் இதுபோன்ற குழுக்கள் நூற்றுக்கு மேல் முளைத்தன. எல்லாம் சேர்ந்தும் ஜனத்தொகையில் மிகச் சிறு பங்கையே எட்டின. 1997இல் அரசு கிழக்கு மண்டலத்தில் ஒரு முன்னோட்டத் திட்டத்தை அறிவித்தது. பணம் செலவானது, திட்டம் கிளம்பவில்லை.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில் நிலைமை மாறியது. எதிர்க்கட்சியான புதிய தேசபக்திக் கட்சியின் வேட்பாளர் ஜான் குஃபுவோர், ‘கேஷ் அண்ட் கேரி’யை ஒழிப்பேன் என்று ஊர் ஊராகச் சொன்னார். மருத்துவமனை ஜன்னலில் நின்று திரும்பிய அனுபவம் இல்லாத குடும்பம் அந்த நாட்டில் குறைவு. குஃபுவோர் ஜெயித்தார். 2001 ஜனவரியில் பதவியேற்றவுடன், பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்து நின்றது. நாடு கடனில் மூழ்கியிருந்தது. அந்த ஆண்டிலேயே கானா, பெருங்கடன் பட்ட ஏழை நாடுகளுக்கான நிவாரணத் திட்டத்தில் சேர்ந்தது.

காப்பீடு என்றால் மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்வது என்பது ஐரோப்பா காட்டிய வழி. கானாவில் உழைப்பவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குமேல் மாதச் சம்பளமே கிடையாது. விவசாயி, மீனவர், மகோலா சந்தையில் துணி விற்கும் பெண், ட்ரோட்ரோ வேன் ஓட்டுநர், தலைச்சுமைக்காரி. இவர்களிடம் யார் பிடித்தம் செய்வது? என்கொரான்ஸா மாதிரி பிரீமியம் மட்டும் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடும். அந்த அனுபவமும், ஐரின் அஜெபொங் போன்ற மருத்துவர்கள் டாங்மே மேற்கு மாவட்டத்தில் நடத்திப் பார்த்த திட்டமும் சேர்ந்து, கிராம மக்கள் காப்பீட்டை விரும்புகிறார்கள், ஆனால் அவர்கள் காசு போதாது என்பதைத் தெளிவாக்கியிருந்தன.

குஃபுவோர் அரசு எடுத்த முடிவை நான் துணிச்சல் என்றே சொல்வேன். மூன்று பைகளிலிருந்து பணம் எடுத்தார்கள். ஒன்று, மதிப்புக் கூட்டு வரியோடு ஒட்டிய 2.5 சதவீத மருத்துவக் காப்பீட்டுத் தீர்வை. இரண்டு, முறைசார்ந்த தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதிக்குப் போகும் 17.5 சதவீதச் சம்பளப் பங்களிப்பிலிருந்து 2.5 புள்ளிகள். மூன்றாவதுதான் பிரீமியம். வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 72,000 முதல் 4,80,000 பழைய சீடி வரை. 72,000 சீடி என்றால் அன்றைய மதிப்பில் சுமார் 8 டாலர். 18 வயதுக்கு உட்பட்டவர்கள், 70 வயதைத் தாண்டியவர்கள், வறியவர்கள் ஆகியோருக்குப் பிரீமியம் கிடையாது.

கானாவில் மதிப்புக் கூட்டு வரியைத் தொடுவது லேசான காரியமா? 1995இல் ராலிங்ஸ் அரசு அந்த வரியை 17.5 சதவீதமாகக் கொண்டுவந்தபோது, மே மாதம் அக்ராவில் ‘குமே ப்ரெகோ’ என்ற பெயரில் பெருங்கூட்டம் திரண்டது. ‘என்னைக் கொன்றே போட்டுவிடு’ என்று பொருள். உயிர்ப் பலியும் நேர்ந்தது. அரசு வரியையே திரும்பப் பெற்று, சில ஆண்டுகள் கழித்து 10 சதவீதமாகத்தான் மறுபடி கொண்டுவர முடிந்தது. அந்த நெருப்பின் நினைவு ஆறுவதற்குள் அதே வரியின் மேல் இன்னொரு தீர்வை. தொழிற்சங்கங்களும் கொதித்தன. தொழிலாளியின் முதுமைக்கால சேமிப்பில் கை வைக்காதே என்று தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பயத்தில் தவறில்லை. ஓய்வூதியம் ஒருபோதும் குறையாது என்று அரசு உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. அவசர மசோதாவாக நாடாளுமன்றத்தில் வந்தபோது எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. 2003 ஆகஸ்டில், ஆளும் தரப்பின் வாக்குகளோடு, சட்டம் 650 நிறைவேறியது. தீர்வை அடுத்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து வசூலானது. மாவட்டத்துக்கு ஒரு காப்பீட்டுத் திட்டம் என்று அலுவலகங்கள் திறந்தார்கள்.

பிறகு நடந்ததை எண்களே சொல்லட்டும். 2005இல் காப்பீட்டு அட்டையோடு வந்த வெளிநோயாளி வருகைகள் 6 லட்சம். 2011இல் அதே கணக்கு 2 கோடியே 55 லட்சம். இந்தப் பெருக்கத்தை ஒரு புதிய பணச்சுமை என்று மட்டும் பார்த்த நிதித்துறைக்காரர்கள் இருந்தார்கள். வியாதி புதிதாகப் பெருகவில்லை. அத்தனை நாள் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்த வியாதிகள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தன. நாட்டில் வரும் நோய்களில் 95 சதவீதத்தை அட்டை தாங்கும் என்பது அரசின் கணக்கு. மலேரியா அதில் முதலிடம். 2008 ஜூலையில் கர்ப்பிணிகளுக்குப் பிரீமியம் ரத்தானது. பிரிட்டன் தந்த நிதியும் அதற்கு உதவியது. பேறுகாலப் பரிசோதனை, பிரசவம், பிள்ளை பிறந்த பின் பராமரிப்பு எல்லாமே அட்டைக்குள் வந்தன. கையுறைப் பட்டியலோடு கடைக்கு ஓடிய காலத்தை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளங்கும். டயாலிசிஸ் போன்ற சில சிகிச்சைகள் வெளியே நின்றன. சிறுநீரகம் பழுதான நோயாளிக்குப் பழைய ஜன்னல் அப்படியே இருந்தது.

இப்போது ஏழையின் கதைக்கு வருவோம். வறியவர் யார் என்பதற்கு 2004ஆம் ஆண்டு விதிகள் ஓர் இலக்கணம் வகுத்தன. வேலை இருக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரிந்த வருமானம் எதுவும் இருக்கக் கூடாது. நிலையான வீடு இருக்கக் கூடாது. வேலையும் வீடும் உள்ள ஒருவரோடு சேர்ந்து வாழவும் கூடாது. கிராமத்தில் இப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? எவ்வளவு வறிய கிழவிக்கும் தலைசாய்க்க மருமகன் வீட்டுத் திண்ணை இருக்கும். இரண்டு கோழி இருக்கும். அந்தத் திண்ணையும் கோழியுமே அவளைச் சட்டப்படி ‘வறியவர் இல்லை’ என்று ஆக்கிவிட்டன. ஆரம்ப வருடங்களில் வறியவர் என்று பதிவானவர்கள் மிகச் சொற்பம். பிற்பாடு ‘லீப்’ என்ற உதவித்தொகைத் திட்டத்தில் உள்ள குடும்பங்களுக்கு நேரடியாக அட்டை கொடுத்த பிறகே இது ஓரளவு சீரானது.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. திட்டத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அந்த 2.5 சதவீதத் தீர்வையிலிருந்து வந்தது. ஓய்வூதியப் பங்களிப்பிலிருந்து நாலில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. பிரீமியத்தின் பங்கு 5 சதவீதத்தைச் சுற்றித்தான். சந்தையில் சோப்பும் டின் தக்காளி விழுதும் வாங்கும்போதெல்லாம் அந்தக் கிழவி தீர்வை கட்டிக்கொண்டேதான் இருக்கிறாள். ஆனால் சிறு பகுதியான பிரீமியத்தைக் கட்டவில்லை என்பதற்காக அட்டை கிடையாது. ஏழைகள் தந்த வரியில் வசதி உள்ளவர்கள் சிகிச்சை பெறுவது எந்த நியாயத்திலும் சேராது. 2011இல் ஆக்ஸ்ஃபாம் உள்ளிட்ட அமைப்புகள் இதையே உரக்கச் சொன்னபோது, அரசுக் காப்பீட்டு ஆணையம் அவர்களின் எண்களைக் கடுமையாக மறுத்தது. ஆனால் ஆணையமே தன் கணக்கு முறையைத் திருத்த வேண்டியிருந்தது. ஒருமுறை சேர்ந்து பிறகு புதுப்பிக்காமல் விட்டவர்களையும் அதுவரை சேர்த்தே எண்ணிவந்தார்கள். உயிரோடுள்ள அட்டைகளை மட்டும் எண்ணியபோது 2010இல் உறுப்பினர்கள் சுமார் 81 லட்சம், மக்கள்தொகையில் 34 சதவீதம். என்கொரான்ஸா முட்டிக்கொண்டு நின்ற அதே மூன்றில் ஒரு பங்கு!

இதற்கு மருந்தாக ஒரு யோசனை அரசியல் மேடையிலேயே இருந்தது. 2008 தேர்தலில் ஜான் அட்டா மில்ஸின் கட்சி, ஒரே ஒருமுறை பிரீமியம் கட்டினால் ஆயுளுக்கும் போதும் என்று வாக்களித்தது. ஜெயித்தும் அது நடக்கவில்லை. 2012இல் புதிய சட்டம் 852 வந்து, தனித்தனி மாவட்டத் திட்டங்களை ஒரே தேசியத் திட்டமாக இணைத்தது. பிரீமியம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுபக்கம் மருத்துவமனைகள் மூச்சுத் திணறின. நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டு, கட்டுக்கட்டாகப் படிவம் நிரப்பி அனுப்பி, பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2009 முதல் செலவு வரவைத் தாண்டியது. மருந்து சப்ளை செய்தவர்கள் கடனுக்குத் தர மறுத்தார்கள். பல இடங்களில் அட்டையோடு வந்தவரிடமும் ‘இந்த மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்’ என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். ‘கேஷ் அண்ட் கேரி’ திரும்பி வருகிறதா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின. பதிவு செய்த ஓர் உறுப்பினருக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் முன்பணம் கொடுக்கும் முறையை 2012இல் அசாந்தி மண்டலத்தில் சோதித்தார்கள். அந்த மண்டலம் அன்றைய எதிர்க்கட்சியின் கோட்டை. எங்களைத் தண்டிக்கத்தான் இங்கே தொடங்கினீர்களா என்று மக்களும் தனியார் மருத்துவர்களும் கேட்டார்கள். 2017இல், ஆட்சி மாறியதும், அந்த முறை நிறுத்தப்பட்டது. நல்லதோ கெட்டதோ, அதை நிதானமாக எடைபோட யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

அதே 2017இல் வேறொரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று ஒதுக்கப்படும் நிதிகள் எல்லாம் சேர்ந்து அரசின் வரி வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். விளைவு, மருத்துவக் காப்பீட்டுக்கு என்று சொல்லி மக்களிடம் வாங்கிய தீர்வையில் ஒரு பகுதி பொது கஜானாவில் கரைந்தது. தெருவில் உயிர்ப்பலி கண்ட ஒரு வரியின் மேல், ‘உன் மருத்துவத்துக்காக’ என்ற வாக்குறுதியோடு ஏற்றிய தீர்வை அது. அதை வேறு செலவுக்குத் திருப்பியது நம்பிக்கைத் துரோகம் என்றே நினைக்கிறேன். காத்துக் கிடந்த மருத்துவமனை பில்களுக்கு முன்னால் இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

அட்டையைப் புதுப்பிப்பது மட்டும் எளிதானது. முன்பு மாவட்ட அலுவலகத்துக்குப் போய் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். சந்தை வியாபாரிக்கு ஒரு நாள் பிழைப்பு போகும். 2018 டிசம்பர் முதல் சாதாரண பட்டன் ஃபோனில் *929# அழுத்தி, மொபைல் பணத்திலிருந்தே கட்டிவிடலாம் என்றானது. பணமில்லாமல் விட்டவர்களைப் போலவே அலைய முடியாமல் விட்டவர்களும் ஏராளம் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

2025 மார்ச்சில் ஜான் மஹாமா அரசின் பட்ஜெட் மருத்துவக் காப்பீட்டுத் தீர்வையின் மேலிருந்த உச்சவரம்பை நீக்கியது. வசூலாகும் தொகை முழுதும் காப்பீட்டு நிதிக்கே போகும் என்று அறிவித்தது. ஆரம்ப சுகாதார சேவையை எல்லோருக்கும் இலவசமாக்குவதாக அவருடைய கட்சி 2024 தேர்தலில் வாக்களித்திருந்தது. அப்படி ஆனால் கிராமத்துக் கிளினிக்கின் வாசலில் அட்டை கேட்க வேண்டியிருக்காது. என்கொரான்ஸாவின் விதிப்புத்தகத்தில் தொடங்கிய கணக்கு கானாவில் இன்னும் முடியவில்லை.

கானா வரியை நம்பிய அதே ஆண்டுகளில், கண்டத்தின் நடுவே இனப்படுகொலையிலிருந்து எழுந்த ஒரு சிறிய நாடு பிரீமியத்தையே நம்பி இறங்கியது. ஆளுக்கு 1,000 பிராங்க், கட்ட முடியாதவர் யார் என்பதை ஊர்க்கூட்டமே கூடித் தீர்மானிக்கும். ருவாண்டாவுக்கு அடுத்த அத்தியாயத்தில் போவோம்.

(தொடரும்)